பலாமூசில் பார்பிக்யூ சாண்ட்விச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், நார்த் கரோலைனா மாநிலத்தின் கேரி நகரத்தில். மற்ற ஊர்களில் பார்பிக்யூ என்றால் கரி அடுப்பைப் பற்றவைத்து எதையாவது சுடுவது. இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் வேறு: விறகுக் கங்கின் மேல் மணிக்கணக்காக வெந்து, நார் நாராகப் பிய்த்தெடுத்த பன்றி இறைச்சி. அதை மெத்தென்ற வெள்ளை பன்னுக்குள் அடைத்து, வினிகர் சாஸ் ஊற்றி, மேலே பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸை வைத்துத் தருவார்கள். வெயில் காலம் வந்துவிட்டால் பள்ளி விழா, தெரு விருந்து, ஆபீஸ் பிக்னிக் எல்லாவற்றிலும் அதுதான் சாப்பாடு.

எங்கள் வீட்டில் யாரும் இறைச்சி சாப்பிடுவதில்லை. இங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் லெக்ஸிங்டன் என்ற சிறிய ஊர். 1984ல் தொடங்கிய பார்பிக்யூ திருவிழா அங்கே அக்டோபர் மாதத்தில் நடக்கும். ஒரு வருடம் போயிருந்தோம். தெரு முழுக்கப் புகை வாசனை. எல்லாருடைய கையிலும் சாண்ட்விச். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. வெறும் பன்னுக்குள் முட்டைக்கோஸை மட்டும் வைத்துத் தின்றாள். அன்று இரவே டின்னில் அடைத்த பலாக்காய் வாங்கிவந்து ஆரம்பித்தேன். பல தடவை செய்து பார்த்த பிறகுதான் கைக்கு வந்தது. சாப்பிட்டவர்கள் கேட்கும் கேள்விகளும், செய்து பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

பலாப்பழம் தித்திக்குமே, அதில் எப்படிக் காரசாரமாகச் சாண்ட்விச் செய்வது?

பழத்தில் செய்வதில்லை, மூசில் செய்கிறோம். பலாவுக்கு மூன்று பருவம். முதலில் மூசு: சுளை தனியாகப் பிரியாமல், கொட்டையின் ஓடு கெட்டிப்படாமல், வெட்டினால் உள்ளே எல்லாம் ஒரே வெள்ளையாக இருக்கும் பிஞ்சு. அடுத்தது காய்: சுளை பிரிந்துவிடும், ஆனால் இனிப்பு ஏறியிருக்காது, சிப்ஸ் பொரிப்பது இதில்தான். கடைசியாகப் பழம். நமக்கு வேண்டியது முதல் பருவம் மட்டும். அதில் சர்க்கரை இல்லை, தனக்கென்று தூக்கலான ருசியும் இல்லை. எந்த மசாலாவில் போட்டாலும் அந்த மசாலாவின் ருசியை இழுத்துக்கொள்ளும். வெந்தபின் விரலால் அழுத்தினால் நார் நாராகப் பிரியும்.

இதை அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு என்னிடம் வியப்பவர்கள் உண்டு. நம் ஊரில் பலாமூசுக் கூட்டும் குழம்பும் பாட்டி காலத்துச் சமையல். இலங்கையில் பொலோஸ் என்று சொல்லி, தேங்காய்ப்பாலில் வெகுநேரம் வேகவிட்டுக் கறுப்பாகச் சுண்டவைக்கும் கறி இருக்கிறது. வங்காளிகள் பலாப்பிஞ்சுக்கு வைத்திருக்கும் பெயருக்கு 'மரத்து ஆடு' என்று பொருள். ஆட்டுக்கறிக்குப் போடும் மசாலா முழுவதையும் இதற்கும் போடுவார்கள். கரோலைனாவிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது சாஸையும் பன்னையும் புகையையும்தான்.

வெளிநாட்டில் எந்த டின்னை வாங்க வேண்டும்?

டின்னின் மேல் 'யங் கிரீன் ஜாக்ஃப்ரூட்' என்றும், கூடவே 'இன் பிரைன்' அல்லது 'இன் வாட்டர்' என்றும் போட்டிருக்க வேண்டும். பிரைன் என்றால் உப்புத் தண்ணீர். 'இன் சிரப்' என்றிருந்தால் அது சர்க்கரைப் பாகில் ஊறிய பழச்சுளை. பாயசத்துக்கு ஆகும், இதற்கு ஆகாது. இரண்டு டின்னும் ஒரே அலமாரியில், ஒரே படத்தோடு இருக்கும். அவசரத்தில் மாற்றி எடுத்துவிடுவது சுலபம்.

பெரும்பாலான டின்கள் தாய்லாந்திலிருந்து வருகின்றன. சீன, வியட்நாமியக் கடைகளில் விலை குறைவு. சாதாரணமாகக் கிடைப்பது 565 கிராம் டின். தண்ணீரை வடித்தால் 280 கிராம் தேறும். கேரளத்திலிருந்து வரும் ஃப்ரோஸன் இடிச்சக்கை (மலையாளத்தில் பலாமூசுக்குப் பெயர்) உங்கள் ஊர் இந்தியக் கடையில் கிடைத்தால் டின்னைவிட அதுவே மேல். உப்புத் தண்ணீரின் புளிப்பு அதில் இருக்காது.

சூப்பர் மார்க்கெட்டில் முழுப் பலாவை அடுக்கிவைத்திருப்பார்கள். அதில் பெரும்பாலானவை மெக்ஸிகோவிலிருந்து வரும் முற்றிய காய்கள். பழுக்கவைத்துச் சாப்பிட வாங்குங்கள், இதற்கு வேண்டாம்.

ஊரில் இருக்கிறேன். டின் கிடைக்காது, முழு மூசுதான் கிடைக்கிறது. அதில் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். டின்னில் வருவதைவிட இரண்டு மடங்கு நன்றாக வரும். தை, மாசியில் சந்தைக்கு வரும்போது ஒன்று, ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும் பிஞ்சாகப் பாருங்கள். கடைக்காரரிடம் குறுக்கே ஒரு வெட்டு போட்டுக் காட்டச் சொல்லலாம். கத்தி கொட்டையையும் சேர்த்து வழுக்கிக்கொண்டு இறங்கினால் அது மூசு. கொட்டையில் கத்தி தட்டி நின்றால் முற்றிவிட்டது.

வெட்டுவதுதான் பலருக்குப் பயம். பண்ருட்டிப் பக்கம் பிறந்த என் அம்மா செய்வதைச் சொல்கிறேன். தரையில் செய்தித்தாளை விரித்து, அரிவாள்மணையின் அலகில் இரண்டு பக்கமும் நல்லெண்ணெய் தடவுவார். இரண்டு கையிலும் முழங்கை வரை எண்ணெய். காம்பை வெட்டியதும் பால் வெள்ளையாக நூல் விட்டுக்கொண்டு வரும். அதைத் தண்ணீரால் கழுவ மாட்டார். தேங்காய் நாரால் துடைத்தெடுப்பார். தண்ணீர் பட்டால் பிசின் இறுகி எல்லா இடத்திலும் ஒட்டும். பிறகு வட்டமாக வில்லை போட்டு, ஒவ்வொரு வில்லையாகக் கையில் பிடித்து முள்தோலைச் சுற்றிச் சீவிக் கழிப்பார். நடுத்தண்டில் கடினமான பகுதி மட்டும் போகும். மற்றதெல்லாம், பிஞ்சுக் கொட்டை உட்பட, மோர் கலந்த தண்ணீருக்குள் விழும். மோரில் போட்டால் கறுக்காது. வேலை முடிந்ததும் கையை முதலில் எண்ணெயால் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிறகுதான் சோப்பு. இந்த வரிசையை மாற்றினால் இரண்டு நாளைக்கு விரல் ஒட்டும்.

மஞ்சள்தூளும் உப்பும் போட்டுத் திறந்த பாத்திரத்தில் 20 முதல் 25 நிமிடம் வேகவையுங்கள். குக்கரில் என்றால் இரண்டு விசில். வில்லையை இரண்டு விரலால் அமுக்கினால் நார் பிரிய வேண்டும், ஆனால் குழையக் கூடாது. தோல் நீக்கிய மூசு 600 கிராம் இருந்தால், கீழே சொல்லும் இரண்டு டின் அளவுக்குச் சரியாக இருக்கும்.

டின் பலாவில் ஒரு புளித்த வாடை வருகிறதே?

உப்புத் தண்ணீரோடு சிட்ரிக் அமிலமும் சேர்த்திருப்பார்கள். அதன் வாடை அது. வடிகட்டி, ஓடும் தண்ணீரில் அலசி, புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். வாடையும் போகும், உப்பும் குறையும். அலசிவிட்டு நேராகச் சட்டியில் போட்டால், எத்தனை மசாலா போட்டாலும் அடியில் அந்தப் புளிப்பு தெரிந்துகொண்டே இருக்கும்.

நான் செய்தது கூழாகிவிட்டது. பன் நனைந்து கையோடு வந்தது. எங்கே தப்பு?

எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். நானும் முதல் தடவை இதே தப்பைச் செய்தேன். டின்னைத் திறந்து, பாட்டில் சாஸைக் கொட்டி, குழம்பு மாதிரி ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். நன்றாகக் குழைந்து, இனிப்பும் புளிப்புமாக ஒரு கூழ் வந்தது. மகள் இரண்டு கடி கடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

பன்றியின் தோள்பட்டை இறைச்சியை ஏன் அத்தனை நேரம் வேகவைக்கிறார்கள் என்று யோசித்தால் விடை கிடைக்கும். அந்த இறைச்சியில் நிறையக் கொழுப்பும், தசையைப் பிணைத்துக் கட்டியிருக்கும் கொலாஜனும் இருக்கின்றன. பல மணி நேரச் சூட்டில் கொழுப்பு உருகும். கொலாஜன் ஜெலட்டினாக மாறி ஒவ்வொரு நாரையும் பூசிக்கொள்ளும். வேகவேக ருசி கூடுவது அதனால்தான். பலாமூசில் இரண்டும் கிடையாது. அதில் இருப்பது நாரும் தண்ணீரும். டின் பலா ஏற்கெனவே வெந்ததுதான்; மேலும் வேகவைத்தால் நார் கரையும், தண்ணீர் உள்ளேயே நிற்கும். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை சாஸ் நாருக்குள் இறங்காது, மேலே வழிந்துகொண்டிருக்கும்.

ஆகவே இந்தச் சமையலின் முழு வேலையும் தண்ணீரை வெளியேற்றுவதுதான். சாஸ் அதற்குப் பிறகு.

கொதித்து வடித்த துண்டுகள் ஆறியதும் ஒரு மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து, பாலைத் திரித்துப் பனீர் பிழிவது போலப் பிழியுங்கள். இரண்டு டின்னுக்கு அரை கப் தண்ணீர் சாதாரணமாக வரும். பிழிந்தபின் துண்டுகளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் முக்கோணமாக இருக்கும்: அகலமான பக்கம் நார், கூர்மையான நுனி கெட்டி. நார்ப்பக்கம் கையாலேயே பிரிந்துவிடும். நுனியை நீளவாக்கில் மெல்லிசாக நறுக்கிக் கலந்துவிடுங்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். நடுவில் வரும் பிஞ்சுக் கொட்டைகளை நான் எடுத்துவைத்துவிடுவேன். சாண்ட்விச்சில் வாயில் அகப்பட்டால் அவரைக்கொட்டை போலத் தெரியும். மறுநாள் பொரியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, உலர்ந்த மசாலாவும் எண்ணெயும் பிசறி, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் பரப்புவது. இரண்டு தவணையாகப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்தால் ஆவியில் வெந்துவிடும். பரப்பியதும் நான்கு நிமிடம் கரண்டியைத் தொடவே கூடாது. முதலில் சலசலவென்று சத்தம் வரும், ஆவி எழும்பும். பிறகு அந்தச் சத்தம் மெலிந்து படபடவென்று மாறும். நார்களின் நுனி பழுப்பேறி, சட்டியின் ஓரத்தில் இருப்பவை சுருண்டுகொள்ளும். அப்போது புரட்டிப் போட்டு இன்னொரு நான்கு நிமிடம். இது ஆன பிறகே சாஸ்.

எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். பலாவில் கொழுப்பே இல்லை. நாம் ஊற்றுவதுதான் அதற்கு.

சரியான அளவைச் சொல்லுங்கள்.

இரண்டு டின்னுக்குச் சொல்கிறேன். ஐந்து சாண்ட்விச் வரும்.

உலர்ந்த மசாலாவுக்கு, புகையூட்டிய பாப்ரிகா தூள் ஒரு மேசைக்கரண்டி, சீரகத்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, பூண்டுத்தூளும் வெங்காயத்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, நாட்டுச்சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. மூன்று மேசைக்கரண்டி எண்ணெயோடு இதைப் பலாவில் பிசறி கால் மணி நேரம் வைத்திருங்கள்.

சாஸுக்கு, தக்காளி கெச்சப் முக்கால் கப், ஆப்பிள் சிடர் வினிகர் அரை கப், நாட்டுச்சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, கடுகு பேஸ்ட் ஒரு மேசைக்கரண்டி, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, கெட்டியான புளிக்கரைசல் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, இடித்த வற்றல் மிளகாய் ஒரு தேக்கரண்டி. எல்லாவற்றையும் சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். ஆறினால் இன்னும் கொஞ்சம் கெட்டிப்படும்.

சட்டியில் பலா பழுப்பேறியதும் சாஸில் பாதியையும் கால் கப் தண்ணீரையும் ஊற்றி, மூடி போட்டுக் கால் மணி நேரம். மூடியைத் திறந்து, கரண்டியின் முதுகால் அங்கங்கே அழுத்திவிட்டு, தண்ணீர் முழுக்கச் சுண்டும்வரை கிளறுங்கள். பிறகு ஒரு தட்டில் பரப்பி ஓவனில் 220 டிகிரி செல்சியஸில், அதாவது 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில், 12 முதல் 15 நிமிடம். ஓரங்கள் கறுத்து மொறுமொறுப்பாகும். பன்றியைச் சுடுகிறவர்கள் இந்தக் கறுத்த மேல்பட்டையை மரப்பட்டைக்கான சொல்லாலேயே 'பார்க்' என்பார்கள். அதற்காகவே போட்டி போட்டுக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. ஓவன் இல்லாதவர்கள் இரும்புச் சட்டியிலேயே கடைசி ஐந்து நிமிடம் தீயைக் கூட்டி, அடியில் இலேசாகப் பிடிக்கவிட்டுச் சுரண்டிக் கிளறுங்கள். மிச்சச் சாஸ் பரிமாறும்போது மேலே ஊற்ற.

கடையில் பார்பிக்யூ சாஸ் பாட்டில் விற்கிறதே, அது போதாதா?

போதும். ஆனால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். பல பாட்டில்களில் வூஸ்டர்ஷையர் சாஸ் சேர்த்திருப்பார்கள். அதில் நெத்திலி வகை மீன் உண்டு. சைவக்காரர்கள் பலர் இது தெரியாமலே சாப்பிடுகிறார்கள். அதே வூஸ்டர்ஷையரில் புளியும் உண்டு. அதனால்தான் அதை எடுத்துவிட்டு நம் புளிக்கரைசலையும் சோயா சாஸையும் சேர்த்தால் குறை தெரிவதில்லை. தேன் சேர்த்த பாட்டில்களும் இருக்கின்றன. பால், தேன் எதுவும் தொடாத வீகன்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் அதையும் பாருங்கள். சர்க்கரையும் அதிகம்: இரண்டு மேசைக்கரண்டி சாஸில் 12 முதல் 16 கிராம் வரை இருக்கும்.

கடையில் பெரும்பாலும் கிடைப்பது கான்ஸஸ் சிட்டி வகை. கெட்டியாக, கறுப்பாக, இனிப்பாக இருக்கும். ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒரு சாஸ். நார்த் கரோலைனாவின் கிழக்குப் பகுதியில் தக்காளி சேர்க்காமல் வெறும் வினிகரும் மிளகாயும். லெக்ஸிங்டன் பக்கம் அதில் கொஞ்சம் கெச்சப். சவுத் கரோலைனாவின் நடுப்பகுதியில் மஞ்சள் கடுகு. அலபாமாவின் வடக்கே மயோனேஸ் போட்ட வெள்ளைச் சாஸ். நான் ஐந்தையும் பலாவில் போட்டுப் பார்த்திருக்கிறேன். கிழக்கத்திய வினிகர் சாஸ் மட்டும் போட்டால் பலா ஊறுகாய் மாதிரி ஆகிவிடுகிறது, ஏனென்றால் அந்தப் புளிப்பைத் தாங்கக் கொழுப்பு வேண்டும். கான்ஸஸ் சிட்டி சாஸ் திகட்டுகிறது. லெக்ஸிங்டன் சாஸ்தான் பொருத்தம்.

இதிலும் என் அளவு முதலில் தப்பாகத்தான் இருந்தது. எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் லெக்ஸிங்டன் பக்கத்தில் பிறந்தவர். வாழ்நாள் முழுக்க விறகுக் கங்கில் பன்றி சுட்டவர். ஒரு சாண்ட்விச்சைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவர், பலாவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. வினிகர் போதவில்லை என்று மட்டும் சொன்னார். மூன்றில் ஒரு பங்கு கப் போட்டுக்கொண்டிருந்ததை அரை கப் ஆக்கினேன். அவர் சொன்னது சரி.

புகை வாசனை எப்படிக் கொண்டுவருவது?

மூன்று வழி உண்டு.

சுலபமானது புகையூட்டிய பாப்ரிகா. ஸ்பெயினில் மிளகாயை ஓக் விறகுப் புகையில் காயவைத்து அரைத்த தூள். பெரும்பாலும் காரம் இருக்காது, நிறமும் புகையும் வரும்.

இரண்டாவது 'லிக்விட் ஸ்மோக்' என்ற பாட்டில். பெயரைப் பார்த்து ரசாயனக் கலவை என்று பலர் ஒதுக்குகிறார்கள். விறகை எரித்து வரும் புகையைக் குளிரவைத்துத் திரவமாக்கி, தாரை வடிகட்டி எடுப்பதுதான் அது. அமெரிக்காவில் எர்னஸ்ட் ரைட் என்ற மருந்துக் கடைக்காரர் 1895ல் விற்கத் தொடங்கினார். ஹிக்கரி மரப்புகை என்று போட்டிருப்பதை வாங்குங்கள். இரண்டு டின்னுக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் ஊற்றாதீர்கள், மருந்து நெடி அடிக்கும்.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது, கங்கு. கொட்டாங்குச்சிக் கரி ஒரு துண்டைச் செக்கச்செவேலென்று காயவையுங்கள். பலா இருக்கும் சட்டியின் நடுவில் ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, கங்கை அதில் போட்டு, அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டவுடன் புகை பொங்கும். உடனே மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் கசப்பு ஏறும். வடநாட்டில் பருப்புக்கும் கத்தரிக்காய்க்கும் செய்கிற முறைதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கரியை வீட்டுக்குள் பற்றவைக்கக் கூடாது. கார்பன் மோனாக்ஸைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. வெளியே வைத்துச் செய்யுங்கள். அபார்ட்மென்ட் பால்கனியில் கரி அடுப்புக்குத் தடை இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் இருக்கிறது.

ஊரில் பாப்ரிகா கிடைக்காதவர்கள் காஷ்மீரி மிளகாய்த்தூளையும் இந்தக் கங்கு முறையையும் சேர்த்தால் போதும்.

எந்த பன்? மேலே வைக்கும் முட்டைக்கோஸ் எப்படிச் செய்வது?

சாதாரண வெள்ளை பர்கர் பன். பிரியோஷ் பன்னில் முட்டையும் வெண்ணெயும் இருக்கும். எதுவானாலும் உள்பக்கத்தைத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிச் சிவக்கச் சுடுங்கள். அந்தச் சிவந்த பரப்புதான் சாஸ் உள்ளே இறங்காமல் தடுக்கும்.

இந்த முட்டைக்கோஸ் கலவைக்கு ஸ்லாவ் என்று பெயர். ஸ்லாவ் என்றதும் மயோனேஸ் நினைவுக்கு வரும், அதில் முட்டை உண்டு. லெக்ஸிங்டன்காரர்கள் மயோனேஸ் சேர்ப்பதே இல்லை. பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸில் கெச்சப், வினிகர், சர்க்கரை, உப்பு, மிளகு, கொஞ்சம் மிளகாய். சிவப்பு ஸ்லாவ் என்பார்கள். என் மகள் திருவிழாவில் பன்னுக்குள் வைத்துத் தின்றது இதைத்தான். கால் முட்டைக்கோஸுக்கு மூன்று மேசைக்கரண்டி கெச்சப், இரண்டு மேசைக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி சர்க்கரை. ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊறவிட்டு, பன்னில் வைக்கும் முன் வடித்துவிடுங்கள். பலா மிருதுவானது; பக்கத்தில் நறுக்கென்று கடிபட ஒன்று வேண்டும். ஸ்லாவ் இல்லாமல் இந்தச் சாண்ட்விச்சைப் பரிமாறாதீர்கள்.

இறைச்சிக்குப் பதில் என்கிறீர்கள். புரதம் கிடைக்குமா?

கிடைக்காது. நூறு கிராம் பலாவில் 2 கிராம் புரதம்கூட இல்லை. அதே அளவு சமைத்த பன்றி இறைச்சியில் 25 கிராம் அளவுக்கு இருக்கும். நார் இருக்கிறது, வயிறு நிறையும், ஆனால் புரதத்துக்கு வேறு ஏதாவது வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு இதையே மதியச் சாப்பாடாகக் கொடுக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் செய்வது இரண்டு. ஒன்று, அரை கப் மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, கையால் பிய்த்துப் பலாவோடு சட்டியில் போடுவது. உலர்ந்த மீல்மேக்கரில் நூறு கிராமுக்கு 52 கிராம் புரதம் உண்டு. நாரோடு நாராகக் கலந்துவிடும், தனியாகத் தெரியாது. இன்னொன்று, பக்கத்தில் ராஜ்மாவையோ வெள்ளை பீன்ஸையோ இதே சாஸில் வேகவைத்துக் கொடுப்பது. டின்னில் விற்கும் பேக்ட் பீன்ஸை வாங்கினால் 'வெஜிடேரியன்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பலவற்றில் பன்றிக் கொழுப்போ பேக்கனோ இருக்கும்.

சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா?

மூசில் பிரச்சினை இல்லை. கெச்சப்பும் நாட்டுச்சர்க்கரையும் வெள்ளை பன்னும்தான் சர்க்கரையை ஏற்றும். என் மாமியாருக்குச் செய்யும்போது கெச்சப்புக்குப் பதில் தக்காளி பேஸ்ட், இனிப்பு ஒரே தேக்கரண்டி, பன்னுக்குப் பதில் கேழ்வரகு அடை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். பலாவில் பொட்டாசியம் கணிசமாக உண்டு, டின்னில் உப்பும் சேரும். ரப்பர் பாலுக்கும் பிர்ச் மர மகரந்தத்துக்கும் அலர்ஜி உள்ளவர்களில் சிலருக்குப் பலா ஒத்துக்கொள்ளாது. அவர்களும் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா?

போகலாம். ஆனால் சட்டியில் பழுப்பேற்றிய பிறகு போடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். 'லோ'வில் நான்கு மணி நேரம். வீட்டுக்கு வந்ததும் ஓவனில் கால் மணி நேரம் உலர்த்தியே ஆக வேண்டும்.

இருபது பேருக்கு எத்தனை டின்?

எட்டு டின். கூட வேறு பலகாரமும் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முதல் நாளே பலாவைச் சமைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஒரு இரவு ஊறினால் சாஸ் இன்னும் உள்ளே இறங்கியிருக்கும். மறுநாள் ஓவனில் சூடாக்கி, ஸ்லோ குக்கரில் 'வார்ம்' வைத்துப் பரிமாறலாம். சூடில்லாமல் மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஸ்லாவையும் பன்னையும் தனித்தனியாக வைத்து, அவரவரே அடுக்கிக்கொள்ளட்டும்.

மிஞ்சினால்?

ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள். ஃப்ரீஸரில் இரண்டு மாதம். தோசைக்கு நடுவில் வைத்து மடித்தால் மசால் தோசையை மறந்துவிடுவீர்கள். கொத்துப் பரோட்டாவிலும் போடலாம். திறந்த டின்னில் பாதியை அப்படியே ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இறைச்சி சாப்பிடுகிறவர்களிடம் பலா என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தால் கண்டுபிடிப்பார்களா?

அப்படிக் கொடுக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். இறைச்சி என்று நினைத்துக் கடிக்கிறவர் அதில் இல்லாத கொழுப்பைத் தேடுவார், ஏமாந்ததாகத்தான் தோன்றும். பலா என்று தெரிந்து கடிக்கிறவர் பலாவின் ருசியைப் பார்ப்பார். நம்மை ஏமாற்றிச் சைவத்துக்குள் யாராவது எதையாவது கலந்து கொடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அவர்களுக்கும் அப்படித்தான். எதிர்வீட்டுப் பெரியவருக்குக் கொடுத்தனுப்பும்போது, இது எங்கள் ஊரில் மரத்தில் காய்க்கும் பிஞ்சு என்று சொல்லித்தான் கொடுத்தோம். இப்போது ஒவ்வொரு ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத் தெரு விருந்துக்கும் தன் பன்றி அடுப்பிலிருந்து தள்ளி, எங்களுக்கென்று ஒரு தனி அடுப்பைப் பற்றவைத்து, ஹிக்கரி விறகு போட்டு வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார்.

வெங்காயம், பூண்டு சேர்க்காமல் செய்ய முடியுமா?

முடியும். மசாலாவில் அவை இரண்டையும் விட்டுவிட்டு, எண்ணெய் காய்ந்ததும் கால் தேக்கரண்டி பெருங்காயம் பொரியவிடுங்கள். கெச்சப்பில் வெங்காயத்தூள் சேர்த்திருப்பார்கள். அதற்குப் பதிலாகத் தக்காளி பேஸ்ட் அரை கப், தண்ணீர் கால் கப், இன்னும் ஒரு மேசைக்கரண்டி நாட்டுச்சர்க்கரை, இரண்டு கிராம்பு. ஸ்லாவிலும் இதே மாற்றம். கிராம்பைப் பரிமாறும் முன் எடுத்துவிடுங்கள்.